'என்' என்றொரு எண்

இருபது வருஷமாகச் சாக்கடையில் நின்று சம்பாதிப்பவன் நான். மரியாதையாகச் சொல்வதென்றால், நீரோடைகளுக்குக் குறுக்குவெட்டு எடுக்கும் சர்வேயர். இடுப்பளவுத் தண்ணீரில் உதவியாளான கலாசி, ஸ்டாஃப் என்ற அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் கரையில் மட்டம் பார்க்கும் ஆட்டோ லெவலை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ரீடிங் பார்ப்பேன். ஒரு கண்ணை மூடுவது இந்தத் தொழிலின் முதல் பாடம். இன்னொரு கண்ணையும் எப்போது மூட வேண்டும் என்பதை அலுவலகத்தில் சொல்லித்தருவார்கள்.

நான் கொண்டுவரும் அளவுகளை வைத்து, ஏசி அறையில் இருக்கும் பிள்ளைகள் மாடல் ஓட்டுவார்கள். இத்தனை சென்டிமீட்டர் மழை பெய்தால் ஓடையில் எவ்வளவு தண்ணீர் வரும், எந்தத் தெருவில் எத்தனை அடி நிற்கும் என்று மேகம் கறுப்பதற்கு முன்பே திரையில் பார்த்துவிடுகிற வித்தை. அமெரிக்க ராணுவத்தின் பொறியாளர் படை இதற்கென்றே ஹெக்-ராஸ் என்றொரு மென்பொருளைச் செய்து உலகத்துக்கு இலவசமாக விட்டிருக்கிறது. இலவசம் என்றால் நம் ஊருக்குச் சொல்ல வேண்டுமா? மிக்சிக்கும் கிரைண்டருக்கும் அடுத்தபடி இதையும் வாங்கி வைத்துக்கொண்டோம். மிக்சியைப் போலவே இதிலும் போட்டதுதான் அரைபடும்.

வித்தை நல்ல வித்தைதான். நிலத்தின் சரிவு, ஓடையின் குறுக்குவெட்டு, பெய்யும் மழை, முகத்துவாரத்தில் கடலின் மட்டம் எல்லாவற்றையும் உள்ளபடி கொடுத்தால் அது உள்ளபடியே பதில் சொல்லும். கணக்கு யோக்கியமானது. கணக்குப்பிள்ளை வந்து உட்காருகிற இடம் ஒன்று உண்டு. அதன் பெயர் 'என்'.

ராபர்ட் மானிங் என்ற அயர்லாந்துப் பொறியாளர் 1889இல் ஒரு சூத்திரத்தை முன்வைத்தார். கால்வாயில் தண்ணீர் என்ன வேகத்தில் ஓடும் என்று சொல்லும் சூத்திரம். அவர் பெயரால் இன்று வழங்கும் வடிவத்தில், கால்வாயின் சொரசொரப்பைக் குறிக்க ஓர் எழுத்து இருக்கிறது. ஆங்கில எழுத்துதான். ஆனால் வாயால் சொல்லும்போது சுத்தத் தமிழாகிவிடுகிறது: 'என்'. என் நிலம், என் மனை, என் மச்சான், என் கமிஷன். மானிங்குக்குத் தமிழ் தெரிந்திருக்க நியாயமில்லை. இருந்தும் சென்னையின் நீரியல் மொத்தமும் அந்த ஓரெழுத்தில் அடங்கிவிட்டது.

வழவழப்பான சிமென்ட் கால்வாய்க்கு 0.013. சுத்தமாகத் தூர்வாரிய மண் கால்வாய்க்கு 0.03க்குப் பக்கம். கோரையும் புதரும் மண்டிக் கிடந்தால் 0.06, 0.08, அதற்கு மேலும் போகும். ஸ்டாஃபை நட்டு அளக்கிற சமாச்சாரம் இல்லை இது. ஓடையைப் பார்த்து, புத்தகத்தைப் பார்த்து, மனசாட்சியைப் பார்த்துப் போட வேண்டிய எண். வென் தி சௌ என்ற பேராசிரியர் 1959இல் எழுதிய பாடப்புத்தகத்தில் கால்வாய்களின் புகைப்படங்களையே போட்டு, இப்படி இருந்தால் இவ்வளவு, அப்படி இருந்தால் அவ்வளவு என்று காட்டியிருக்கிறார். அந்தப் படங்களை ஒரு மழைநாளில் முழுக்கப் புரட்டினேன். ஆகாயத்தாமரை மேல் சோபா மிதந்து, சோபா மேல் நாய் படுத்திருக்கும் கால்வாய் ஒன்றுகூட அதில் இல்லை.

புள்ளிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சுண்டெலி எண்தானே என்று நினைத்துவிடாதீர்கள். அகலமான ஓடையில் அதே அளவு தண்ணீர் வரும்போது, 'என்' இரண்டு மடங்கானால் ஆழம் ஒன்றரை மடங்காகும். 0.03 என்று போட்டால் ஆறடி. 0.06 என்று போட்டால் ஒன்பதடி. நடுவில் இருக்கிற அந்த மூன்றடியில்தான் தரைத்தளம், லிஃப்ட் மோட்டார், ஜெனரேட்டர், கேஸ் சிலிண்டர், பாட்டியின் கட்டில் எல்லாம் இருக்கின்றன. சென்னையில் அந்த மூன்றடிக்குச் சதுர அடி என்ன விலை என்று புரோக்கரைக் கேட்டுப் பாருங்கள்.

2015 டிசம்பருக்குப் பிறகு எங்கள் தொழிலுக்கு நித்தம் தீபாவளி. டிசம்பர் 1ஆம் தேதி மழையில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்து விட்டார்கள். ராத்திரி படுத்தவர்கள் கட்டிலோடு மிதந்து எழுந்தார்கள். மத்திய தணிக்கைத் துறை பின்னால் ஆராய்ந்து, இது மனிதர் செய்த பேரிடர் என்று அறிக்கை எழுதி, அது 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. மனிதர் என்றார்கள். எந்த மனிதர் என்று கேட்டு யாராவது ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டியதாக எனக்குத் தெரிந்து செய்தியில்லை. ஆனால் வெள்ளம் வடிந்த மறுமாதமே மாடல் கேட்டு வந்தவர்களின் வரிசை எங்கள் அலுவலகப் படிக்கட்டு வரை நின்றது.

அப்படி வந்த வேலைகளில் ஒன்று, பள்ளிக்கரணையின் சதுப்புநிலமான கழுவெளியை நோக்கிப் போகும் ஓர் ஓடை. பெயர் வேண்டாம். அந்தப் பக்கத்து ஓடைகள் எல்லாமே தன்னைத்தான் சொல்கிறான் என்று நினைத்துக்கொள்ளட்டும். வலது கரையில் ஐம்பது, அறுபது வீடுகள். ஓட்டு வீடு, தகர வீடு, தார்ப்பாய் வீடு. இடது கரையில் ஒரு பெரிய பொட்டல், அதைச் சுற்றி நீலத் தகடு, தகட்டின் மேல் குழந்தையைத் தூக்கிச் சிரிக்கும் வெள்ளைக்காரத் தம்பதியின் படம்.

வலது கரைக் கோடியில் தள்ளுவண்டி போட்டு இஸ்திரி தேய்க்கும் அண்ணன் ஒருவர் இருந்தார். நாங்கள் கருவியைப் பிரித்து வைத்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

"அளவா எடுக்குற சார்? இங்க வா, நான் எடுத்து வெச்சிருக்கேன்."

அவர் வீட்டுச் சுவரில் கரிக்கோடுகள். கீழிருந்து மேலாக நாலைந்து. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் தேதி. 2005இன் கோடு என் முழங்காலுக்குச் சற்று மேல். 2015இன் கோடு நெஞ்சுக்கு வந்தது. இஸ்திரிப் பெட்டியில் மிஞ்சும் கரித்துண்டால் போட்டவை. எதற்கு அண்ணே இதெல்லாம் என்று கேட்டேன்.

"தண்ணி நின்ன எடத்துல கோடு போட்டுடணும் சார். வடிஞ்சப்புறம் எல்லாரும் பொய் சொல்லுவான். நிவாரணம் வாங்குறவன் கழுத்தளவுன்றான், குடுக்குறவன் கணுக்காலுன்றான். செவுரு சொல்லாது."

எங்கள் துறையில் இதற்குப் பெரிய பெயர் உண்டு. மாடல் சொல்வது சரியா என்று பார்க்க, உண்மையில் வெள்ளம் நின்ற தடத்தோடு ஒப்பிட வேண்டும். அந்தத் தடத்தைத் தேடிக் கூட்டங்கூட்டமாகப் பொறியாளர்கள் அலைவார்கள். இந்த மனிதர் பத்து வருஷமாகச் சம்பளமில்லாமல் அதைச் செய்துகொண்டிருந்தார். கலாசியைக் கூப்பிட்டு ஒவ்வொரு கோட்டின் மேலும் ஸ்டாஃபை வைத்து மட்டம் எடுத்துக்கொண்டேன். அண்ணன் டீ வாங்கித் தந்தார்.

அலுவலகத்துப் பிள்ளைகள் ஓட்டிப் பார்த்தார்கள். கோரை, ஆகாயத்தாமரை, கல்யாண மண்டபத்து எச்சில் இலை எல்லாவற்றையும் நான் சொல்லச் சொல்லக் கேட்டு 0.06 என்று போட்டார்கள். கணக்கு சொன்ன மட்டத்துக்கும் கரிக்கோட்டுக்கும் இரண்டு விரற்கடைதான் வித்தியாசம். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. சாக்கடையில் நின்று வாங்கிய சேற்றுப்புண்ணுக்கெல்லாம் அர்த்தம் வந்த மாதிரி.

மேலாளர் பார்த்தார். ரொம்ப நல்லாருக்கு என்றார். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"இடது பக்கம் ஒரு அடுக்ககம் வருது தம்பி. பார்ட்டி தடையில்லாச் சான்றுக்கு நிக்கிறாங்க. ஒன்பதடின்னா தரைத்தளமே தண்ணிக்குள்ள போயிடுதே. 'என்'னைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

"பார்த்துட்டுத்தான் சார் போட்டிருக்கு. ஓடை அப்படித்தான் கிடக்கு."

"கிடக்கு. தூர்வாரினா கிடக்காதில்ல?"

அவ்வளவுதான். விசைப்பலகையில் ஆறு இருந்த இடத்தில் மூன்று வந்து உட்கார்ந்தது. ஓடையில் ஒரு தாமரை இலைகூட அசையவில்லை. திரையில் மட்டும் வெள்ளம் மூன்றடி வடிந்துவிட்டது. மோசஸுக்குக்கூடக் கோலை நீட்ட வேண்டியிருந்தது.

அறிக்கையில் அதற்கு ஒரு வாக்கியம் எழுதினார்கள்: 'ஓடை முறையாகத் தூர்வாரப்பட்டுப் பராமரிக்கப்படுவதாகக் கொள்ளப்படுகிறது.' அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தூர்வாரப்பட்டு. யாரால்? பராமரிக்கப்படுவதாக. யாரால்? கொள்ளப்படுகிறது. கொள்வது யார்? மூன்று வினை, ஓர் எழுவாய்கூடக் கிடையாது. தமிழில் செயப்பாட்டு வினை அதிகம் புழங்குவதில்லை என்று இலக்கணம் சொல்லித்தரும் ஆசிரியர்கள் ஒருமுறை அரசாங்க அறிக்கைகளைப் படிக்க வேண்டும். ஆளே இல்லாமல் நடக்கிற காரியங்களின் மொழி அது.

'என்' மட்டும் என்றில்லை, சின்னச் சின்னச் சகாயங்கள் இன்னும் இருக்கின்றன. நூறு மீட்டருக்கு ஒரு குறுக்குவெட்டு எடுப்போம். இரண்டுக்கும் நடுவில் இருப்பதை மென்பொருளே ஊகித்து வரைந்துகொள்ளும், அதற்கு ஒரு பொத்தான் உண்டு. ஐம்பதாவது மீட்டரில் யாரோ ஒரு புண்ணியவான் ஓடையில் பாதியை வளைத்துச் சுற்றுச்சுவர் எழுப்பியிருந்தால், பொத்தானை அழுத்தியதும் சுவர் மாயமாகிவிடும். இடிக்க புல்டோசர் வேண்டாம், நீதிமன்றம் வேண்டாம். இன்னொன்று, நாங்கள் அளந்த அகலத்துக்கு வெளியே தண்ணீர் பரவ வேண்டிய நிலை வந்தால், மென்பொருள் இரண்டு ஓரத்திலும் கண்ணுக்குத் தெரியாத ஒரு செங்குத்துச் சுவரைத் தானே எழுப்பி அதற்குள்ளேயே தண்ணீரை ஏற்றிக் காட்டும். பாவம், அது யோக்கியமான மென்பொருள். 'எச்சரிக்கை: குறுக்குவெட்டை அகலமாக்கு' என்கிற மாதிரி பெட்டியைத் திறந்து கத்தவும் செய்யும். பெட்டியின் மூலையில் ஒரு பெருக்கல் குறி இருக்கிறது. எங்கள் ஆட்கள் அதில் நிபுணர்கள்.

சான்று கிடைத்தது. அடுக்ககம் எழுந்தது. பெயரில் 'லேக்' என்று வரும். இந்த ஊரில் ஏரியைத் தூர்த்துவிட்டு அதன் பெயரை மட்டும் வாசலில் மாட்டி வைப்பது பரம்பரைப் பழக்கம். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, ஏரியைத் தேடினால் தியாகராய நகரைத் தோண்ட வேண்டும். நுங்கம்பாக்கம் ஏரியின் மேல் வள்ளுவர் கோட்டம் நிற்கிறது. 'நீரின்று அமையாது உலகு' என்றவருக்கு நீரை அகற்றிவிட்டுக் கோட்டம் எழுப்பியிருக்கிறோம். முகப்பேரில் வீட்டு வசதி வாரியத்தின் குடியிருப்புக்கே 'ஏரித் திட்டம்' என்று பெயர். வெளியூர்க்காரர் யாரும் கேட்டால் ஏரியை வெட்டும் திட்டம் என்றுதான் நினைப்பார்.

வீடு வாங்கியவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்களிடம் காட்டிய தாளில் 'நூறாண்டு வெள்ளத்துக்கும் பாதுகாப்பு' என்று இருந்தது. நூறாண்டு வெள்ளம் என்றால் நூறு வருஷத்துக்கு ஒருமுறை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகும் விருந்தாளி என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் அது எந்த ஒரு வருஷத்திலும் நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புள்ள வெள்ளம். முப்பது வருஷம் வீட்டுக் கடன் வாங்கியவருக்கு, கடன் முடிவதற்குள் அது ஒருமுறையாவது வரும் வாய்ப்பு நூற்றுக்கு 26. சீட்டாட்டத்தில்கூட இதைச் சொல்லிவிட்டுத்தான் உட்கார வைப்பார்கள். அதுவும் 'என்'னை ஒழுங்காகப் போட்டால்தான் 26. நாங்கள் போட்ட 'என்'னுக்கு எவ்வளவு என்பதை அந்த மூன்றாம் மாடிக் குடும்பங்கள் தங்கள் காரை வைத்துத் தெரிந்துகொண்டன.

கதை இதோடு முடிந்திருந்தால் வழக்கமான ஊழல் கதை. இரண்டு வருஷம் கழித்து அதே ஓடைக்கு இன்னொரு வேலை வந்தது. இந்த முறை கரையோர ஆக்கிரமிப்புகளை அகற்ற வேண்டும். வெள்ள அபாயப் பகுதியில் ஏழைகள் வசிக்கிறார்கள், அவர்கள் உயிரைக் காக்க வேண்டும். எவ்வளவு கரிசனம்! உயிரைக் காப்பதற்கு மாடல் வேண்டுமே. பழைய கோப்பைத் திறந்தார்கள். முதலில் போட்டு அழித்த 0.06 இன்னும் அங்கே இருந்தது.

"இதையே எடுத்துக்கலாம் தம்பி. ஓடை உள்ளது உள்ளபடி. நேர்மையா இருக்கணும்ல?" என்றார் மேலாளர். இந்த முறை கதவைச் சாத்தவில்லை.

ஆக ஒரே ஓடை. ஒரே மழை. இடது கரை அறிக்கையில் தண்ணீர் ஆறடி, வலது கரை அறிக்கையில் ஒன்பதடி. இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இருபது மீட்டர் அகலத்துக்குள் தண்ணீர் மூன்றடி சாய்ந்து நிற்கிறது. பணக்காரர் பக்கம் தாழ்ந்து, ஏழை பக்கம் ஏறி. பைசா நகரத்துக் கோபுரம் சாய்ந்து நிற்பதைப் பார்க்க உலகமே விமானம் ஏறிப் போகிறது. சாய்ந்து நிற்கும் தண்ணீர் எங்களிடம் இருக்கிறது, டிக்கெட் போட ஆளில்லை.

வலது கரை அறிக்கைக்கு ஆதாரம் வேண்டுமல்லவா? இணைப்பில் ஒரு புகைப்படம் வைத்தார்கள். நான் எடுத்த படம்தான். சுவரில் கரிக்கோடு, பக்கத்தில் ஸ்டாஃப், தேதி தெளிவாகத் தெரிகிறது. 'உள்ளூர்வாசிகளே பதிவு செய்துள்ள வெள்ள மட்டம்.' இடது கரை அறிக்கையில் அந்தப் படத்துக்கு இடமில்லாமல் போயிருந்தது.

காலி செய்யும் நாளில் நான் போயிருக்க வேண்டிய அவசியமில்லை. போனேன். லாரிகள் நின்றன. கைரேகை வாங்கும் மேஜை ஒன்று போட்டிருந்தார்கள். பீரோவைக் கவிழ்த்து ஏற்றும்போது அதன் கண்ணாடியில் எதிர்க்கரை அடுக்ககம் தலைகீழாகத் தெரிந்தது. இஸ்திரி அண்ணனின் வண்டிக்கு லாரியில் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். வாடிக்கையாளர்கள் எல்லாம் இங்கேதான் இருக்கிறார்கள், வண்டியைக் கொண்டுபோய் அங்கே யாருக்குத் தேய்ப்பது என்று அவரும் வற்புறுத்தவில்லை. என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"அளந்துகினு போனியே சார். அது இதுக்கா?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் செயப்பாட்டு வினையில்தான் சொல்லியிருப்பேன்.

ஆக்கிரமிப்பு என்ற சொல்லை அன்றிலிருந்து நான் சந்தேகத்தோடுதான் உச்சரிக்கிறேன். ஓடைக்கரையில் பத்துக்குப் பத்தடி வீடு கட்டினால் ஆக்கிரமிப்பு. அடையாறு ஆற்றின் குறுக்கே பாலம் போட்டு அதன் மேல் விமான ஓடுதளத்தை நீட்டினால் உள்கட்டமைப்பு. 2015இல் அந்த விமான நிலையம் நாட்கணக்கில் தண்ணீரில் நின்றபோது, ஆறுதான் ஓடுதளத்தை ஆக்கிரமித்துவிட்டதாகச் செய்தி படித்தோம். பக்கிங்காம் கால்வாய்க்குள் வரிசையாகத் தூண்களை இறக்கி, கால்வாயின் மேலேயே ரயில் நிலையங்களைக் கட்டினால் அது பறக்கும் ரயில். கால்வாயின் 'என்' அந்தத் தூண்களால் எவ்வளவு ஏறியது என்று பார்க்க எந்தக் கரிசனமும் கைரேகை மேஜை போடவில்லை. கழுவெளிக்குள் பெருங்குடிக் குப்பைமேடு மலையாக எழுந்தது, அது நகரத் தூய்மை.

இதில் எனக்கு மிகவும் பிடித்த காட்சி வேறொன்று. சென்னைக்கு வெள்ள எச்சரிக்கை சொல்ல, சி-ஃப்ளோஸ் என்றொரு ஏற்பாடு இருக்கிறது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. மழை, ஆறு, கடல் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, எந்த வார்டில் எவ்வளவு தண்ணீர் என்று முன்கூட்டியே சொல்ல வல்லது. அதை உருவாக்கிய நிறுவனங்களில் ஒன்று தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம். அது எங்கே இருக்கிறது என்று விசாரித்தால் பள்ளிக்கரணை, வேளச்சேரி-தாம்பரம் சாலை, தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழக வளாகம் என்பார்கள். கழுவெளியின் மடியில் கட்டடம் எழுப்பி அதற்குள் உட்கார்ந்து வெள்ளத்தைக் கணிக்கிறோம். விஞ்ஞானிகள் மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் சொல்வதைக் கேட்டு நடக்கிற நாளில் முதலில் தங்கள் வாசலைத்தான் பெயர்த்தெடுக்க வேண்டியிருக்கும். அந்த நாள் வராது என்ற நம்பிக்கையில்தான் எல்லோரும் நிம்மதியாக வேலை பார்க்கிறோம்.

கழுவெளியின் நிலைமையையும் கேளுங்கள். தென்சென்னையின் எத்தனையோ ஏரிகள் நிறைந்து வழிவது அங்கேதான். அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்ற ஒரே தொண்டை வழியாகப் பழைய மகாபலிபுரம் சாலையைக் கடந்து பக்கிங்காம் கால்வாயில் விழ வேண்டும். கடல் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. ஆனால் நடுவில் மணல்மேடு. ஆகவே தண்ணீர் தெற்கே திரும்பி, கிலோமீட்டர் கணக்கில் கால்வாயிலேயே நடந்து, முட்டுக்காட்டில் மணல்திட்டு அடைக்காமல் இருந்தால் கடலைச் சேரும். இப்படி நொண்டி நொண்டிப் போகிற தண்ணீரின் வழியில்தான் தகவல் தொழில்நுட்பப் பெருவழி என்று பெயர் வைத்துக் கண்ணாடிக் கட்டடங்களை வரிசையாக நட்டோம். மண்ணில் விழும் மழையில் பெரும்பகுதியை மண்ணே குடித்துவிடும்; சிமென்டில் விழுவதில் பத்துக்கு ஒன்பது பங்கு ஓடையைத் தேடி ஓடும். அதே மழை, கூடுதல் வெள்ளம். பின் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் கரைக்குப் பக்கத்தில் நின்று கொட்டியபோது, கடல் தண்ணீரை வாங்கிக்கொள்ளவில்லை என்று அறிக்கை விட்டார்கள். கடல் மேல் குற்றப்பத்திரிகை! நல்ல வேளை, கடலுக்குக் கைரேகை கிடையாது.

அந்த மழைக்கு முன்னால் வடிகால் வேலைகள் தொண்ணூறு சதவீதத்தைத் தாண்டிவிட்டதாகச் சொன்னார்கள். மழைக்குப் பின்னால் அதே வாய்கள் 42 சதவீதம் என்றன. சதவீதத்துக்கும் ஒரு 'என்' இருக்கிறது போல. 2021 வெள்ளத்துக்குப் பிறகு ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி திருப்புகழ் தலைமையில் குழு போட்டார்கள், 2023இல் அறிக்கையும் வந்தது. அடுத்த வெள்ளத்துக்கு அடுத்த குழு. ஆட்சி எந்த நிறக் கரை வேட்டி கட்டியிருந்தாலும் தண்ணீர் அதைத் தொடையளவு நனைத்துவிட்டுத்தான் போகிறது. தூர்வாரும் டெண்டர் மட்டும் வடகிழக்குப் பருவமழையோடு கைகோத்துக்கொண்டே வரும். அக்டோபரில் பொக்லைன் ஓடைக்குள் இறங்கி, அள்ளிய சேற்றைக் கரையிலேயே குவித்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு போகும். நவம்பர் முதல் வாரத்தில் சேறு பழைய வீடு திரும்பிவிடும். சேற்றுக்கு மறுகுடியமர்வு கிடையாது.

மக்களுக்கு இந்த மாடல்களின் மேல் எவ்வளவு நம்பிக்கை என்று தெரிய வேண்டுமானால், சிவப்பு எச்சரிக்கை வந்த ராத்திரி வேளச்சேரி மேம்பாலத்துக்குப் போய்ப் பாருங்கள். இரண்டு ஓரமும் கார்கள் வரிசையாக நிற்கும். 2024 அக்டோபரில் அப்படி நின்ற கார்களுக்கு அபராதம் போடுகிறார்கள் என்று பேச்சு கிளம்பி, போலீஸ் அதை மறுக்க வேண்டியதாயிற்று. யாரும் அவர்களுக்கு ஹெக்-ராஸ் சொல்லித்தரவில்லை. எந்தத் தூணுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் காலையில் வண்டி ஸ்டார்ட் ஆகும் என்று அந்த ஊர்க் குழந்தைக்குத் தெரிகிறது. கோடிக்கணக்கில் செலவழித்த கணக்கெல்லாம் ஒரு பக்கம் இருக்க, மேம்பாலத்தின் கைப்பிடிச் சுவரோரம் நள்ளிரவில் கார் நிறுத்தும் ஒரு வங்கி ஊழியரின் கணக்கு பிசகியதே இல்லை. கார் இருப்பவருக்கு மேம்பாலம். இல்லாதவர் தலையில் மூட்டையை வைத்துக்கொண்டு, விடிகிற வரைக்கும் படிக்கட்டில் நிற்பார்.

ஓடைக்கரையிலிருந்து லாரியில் ஏற்றியவர்களை எங்கே இறக்கினார்கள் என்று சொல்லவில்லையே. பெரும்பாக்கம். எட்டு மாடி, அடுக்கடுக்காகக் குடியிருப்பு. கூவம், அடையாறு கரைகளிலிருந்து உயிரைக் காப்பாற்றிக் கொண்டுவந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள். வரைபடத்தில் பெரும்பாக்கத்தைத் தேடினால் அதே கழுவெளியின் தெற்கு விளிம்புக்குப் பக்கத்தில் கிடைக்கும். அந்த ஓடைத் தண்ணீர் கடைசியில் வந்து தேங்குகிற பகுதி. ஆற்றில் நனைந்தவர்களைக் காப்பாற்றிக் குளத்தில் உட்கார வைத்திருக்கிறது கரிசனம். அந்த இடத்துக்கு மாடல் ஓட்டினார்களா என்று எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை கேட்டேன். அது வேறு கோப்பு என்றார்கள்.

மிக்ஜாம் முடிந்து மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, சிக்னல் திரும்பியதும் கைபேசி அடித்தது. இஸ்திரி அண்ணன். என் எண்ணை எப்படி வைத்திருந்தார் என்று தெரியவில்லை. அன்று டீ குடித்தபோது கொடுத்திருப்பேன்.

"சார், நல்லாருக்கியா? உன் வூட்டாண்ட தண்ணியா?"

"இல்லண்ணே. நீங்க எப்படி?"

"கீழ் வூடுதான எனக்குக் குடுத்தானுங்க. ரெண்டு நாளு மாடிப்படிலயே குந்தினு இருந்தோம். இன்னிக்குத்தான் வடியுது." பின்னால் யாரோ வாளியில் தண்ணீரை மொண்டு வெளியே வீசும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. "கரி கெடைக்கல சார். புள்ள ஸ்கெட்ச் பேனாவுல கோடு போட்டு வெச்சிருக்கேன். பச்சை கலரு. வந்து ஸ்டாஃபு வெச்சுப் பாரு."

எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன்.

"அங்க இருந்ததுக்கு ஒரு சாண் மேல."